கன்ஃப்ளுவன்ஸ் 80%னு எதை வச்சு சொல்றீங்க? ஒரே ஃப்ளாஸ்க்குக்கு ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்க

புதுசெல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்காக செல் கல்ச்சர் கத்துக்கிட்டு இருக்கேன். ஹீலா, ஹெப் ஜி2 (மனுஷக் கல்லீரல் கேன்சர் செல்)னு ரெண்டு செல் லைன் வச்சிருக்கோம், ரெண்டும் புனே என்சிசிஎஸ்ல (தேசிய செல் அறிவியல் மையம்) இருந்து வாங்கினது. லேப் ப்ரோட்டோகால்ல "80% கன்ஃப்ளுவன்ட் ஆனதும் பாசேஜ் செய்யவும்"னு, அதாவது செல்லை உரிச்சுப் பிரிச்சு புது ஃப்ளாஸ்க்குக்கு மாத்தச் சொல்லி, ஒரே வரிதான் இருக்கு. அந்த 80 எப்படி இருக்கும்னு படமும் இல்ல விளக்கமும் இல்ல. சீனியர் அக்கா மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டு 70தான் இருக்கும், நாளைக்குப் பண்ணலாம்ங்கறாங்க, பக்கத்து பெஞ்ச் அண்ணா அதே ஃப்ளாஸ்க்கப் பாத்துட்டு 90 தாண்டிடுச்சே இன்னும் ஏன் விட்டு வச்சிருக்கேங்கறார். ரெண்டு பேரும் பல வருஷமா இதே வேலை பண்றவங்க, அதனால யார் சொல்றத எடுத்துக்கறதுன்னே தெரியல.

இன்னொண்ணு, 100% ஆயிட்டா என்ன ஆகும்? செல் செத்துடுமா, இல்ல வளர்ச்சி மட்டும் நின்னுடுமா? ஏன் குறிப்பா 80ங்கறாங்க, 60லயே பிரிச்சா என்ன? ஹெப் ஜி2 வேற தீவு தீவா கட்டிக்கட்டியா வளருது, நடுவுல பெரிய பெரிய வெத்திடம் இருக்கு ஆனா தீவுக்குள்ள செல் மேல செல் ஏறிக் கிடக்கு. இதுக்கு எந்த பர்சன்டேஜ் சொல்றது? கூகுள்ல தேடினா எல்லா இடத்துலயும் அதே ஒரு வரி விளக்கம்தான் வருது, அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விரிவா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

பழைய_ட்ரிப்சின் பதில்:

நல்ல கேள்விம்மா, இதை முதல் வருஷத்துலயே கேக்கறது ரொம்ப நல்லது. முதல்ல ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கோ, கன்ஃப்ளுவன்ஸ்ங்கறது செல்லோட எண்ணிக்கை இல்ல, ஃப்ளாஸ்க்கோட அடிப்பரப்புல எத்தனை பங்கை செல்லுங்க மூடியிருக்குங்கறது, அவ்வளவுதான். கல்யாண மண்டபத்துல ராத்திரி பாய் விரிச்சுப் படுக்கறப்ப கை கால நீட்டிப் படுத்தா அம்பது பேருக்கே ஹால் நிறைஞ்சிடும், ஒருக்களிச்சுப் படுத்தா அதே ஹால்ல நூறு பேர் படுப்பாங்க, ரெண்டு தடவையும் தரை தெரியாது. செல்லும் அப்படித்தான். நிரம்பின ஹீலா டி-75 ஃப்ளாஸ்க்ல (அடிப்பரப்பு 75 சதுர சென்டிமீட்டர்) தோராயமா 80 லட்சம் செல் கிடைக்கும், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல. எலி ஃபைப்ரோபிளாஸ்ட் 3டி3 நல்லா பரந்து படுக்கற செல், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 ஆயிரம் பக்கம் வந்ததுமே நின்னுடும். ரெண்டையும் 100%னுதான் எழுதுவோம், ஆனா கையில இருக்கற செல் ஒண்ணுக்குப் பாதி.

அதனால 100% ஆனா வளர்ச்சி நிக்குமாங்கறதுக்கு பதில் செல்லைப் பொறுத்தது. 3டி3, சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் இதெல்லாம் பக்கத்து செல்லோட நெருங்கி நெருக்கடி ஆனதும் பிரியறதை நிறுத்திக்கும், இதைத்தான் கான்டாக்ட் இன்ஹிபிஷன்ங்கறாங்க. செல் நெருக்கம் ஜாஸ்தியாகும்போது யாப்ங்கற புரதம் நியூக்ளியஸ விட்டு வெளிய சைட்டோபிளாஸத்துக்கு வந்துடும், அது நியூக்ளியஸ்ல இருந்தாதான் வளர்ச்சி ஜீன்கள் ஓடும். தொடுதல் மட்டும் காரணம்னும் சொல்லிட முடியாது, மீடியால இருக்கற க்ரோத் ஃபேக்டர் ஒவ்வொரு செல்லுக்கும் கிடைக்கற பங்கு குறையறதும் அதுல சேந்ததுதான். ஹீலா கேன்சர் செல், 1951ல ஹென்ரியட்டா லாக்ஸ்ங்கற அம்மாவோட கேன்சர் கட்டியில இருந்து எடுத்தது, அதுக்கு இந்தக் கட்டுப்பாடு ரொம்பக் கம்மி, தரை முழுக்க மூடின பிறகும் நெருக்கிக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு பிரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் ஹீலால 100%ங்கற நம்பர் ஒரு கட்டத்துக்கு மேல எதையுமே சொல்லாது, நேத்து 100, இன்னைக்கும் 100, ஆனா செல் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும்.

உடனே சாகாதும்மா. மீடியா முதல்ல ஆரஞ்சாகும், அப்புறம் மஞ்சளாகும், அது லாக்டிக் ஆசிட் சேந்து பிஹெச் இறங்கறதால மீடியால இருக்கற ஃபீனால் ரெட்ங்கற சாயம் நிறம் மாறறது. குளுக்கோஸ் தீரும், மிதக்கற செல் ஜாஸ்தியாகும், ஒட்டியிருக்கற செல்லுக்குள்ள குமிழி குமிழியா வேக்யூல் தெரியும். அந்த நிலையில ட்ரிப்சின் (ஒட்டியிருக்கற செல்லை உரிக்கற என்ஸைம்) போட்டா ஒத்தை ஒத்தையா பிரியாம தகடு தகடா உரிஞ்சு வரும், கட்டிகட்டியா வரும், கவுண்ட் தப்பாகும், அடுத்த ஃப்ளாஸ்க்ல ஒட்டறதுக்கே ஒரு நாள் கூட எடுத்துக்கும்.

ஏன் 80ன்னா அப்பதான் செல் இன்னும் லாக் ஃபேஸ்ல, அதாவது வேகமா பெருகற கட்டத்துல இருக்கு, கூடவே வேலைக்குப் போதுமான எண்ணிக்கையும் கிடைக்குது, இடமும் மிச்சம் இருக்கு. 60ல பிரிச்சாலும் ஹீலாவுக்கு ஒண்ணும் கெட்டுப் போகாது, பாசேஜ் நம்பர் தேவையில்லாம சீக்கிரம் ஏறும், மீடியாவும் சீரமும் வீணாகும், அவ்வளவுதான். ரொம்ப அடர்த்தி கம்மியா விட்டாதான் பிரச்சனை, முக்கியமா ப்ரைமரி செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சுரக்கற பொருளை நம்பி வாழறதால தனித்தனியா விட்டா திணறும்.

அக்கா 70, அண்ணா 90 சொன்னது ரெண்டு பேர் தப்பும் இல்ல. ஒருத்தர் ஃப்ளாஸ்க் நடுவைப் பாத்திருப்பார், இன்னொருத்தர் ஓரத்தை. ஒருத்தர் 4எக்ஸ்ல பாப்பார், ஒருத்தர் 10எக்ஸ்ல. 10எக்ஸ் ஃபீல்டு ரொம்பச் சின்னது, அடர்த்தியான ஒரு இடத்துல போய் நின்னா 95 மாதிரிதான் தெரியும். முதல்ல 4எக்ஸ்ல முழுசா ஒரு சுத்து வா, அப்புறம் நடு ஒண்ணு, நாலு மூலை பக்கம் நாலுன்னு அஞ்சு இடம் பாத்து சராசரி போடு. பாக்கறப்ப செல்லைப் பாக்காத, இடைவெளியைப் பாரு. செல்லும் வெத்திடமும் சமமா இருந்தா 50. வெத்திடம் சுருங்கி அங்கங்க ஒண்ணு ரெண்டு செல் உக்காரற அளவுக்கு ஓட்டைதான் மிச்சம்னா 80 பக்கம் வந்தாச்சு. ஓட்டையே தேடித்தான் கண்டுபிடிக்கணும்னா 95. இதைவிட நுணுக்கமா கண்ணால சொல்ல முடியும்னு நான் நம்பல, 73%னு நோட்ல எழுதறவங்களைப் பாத்தா எனக்கு நம்பிக்கை வராது.

கோவை_கல்ச்சர் பதில்:

மேல அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். நடுவுல ஜாஸ்தி ஓரத்துல கம்மின்னு வந்தா சீடிங் அப்பவே, அதாவது செல்லைப் புதுசா போடும்போதே, தப்பு நடந்திருக்கு. செல்லை ஊத்தினதும் ஃப்ளாஸ்க்கையோ டிஷ்ஷையோ வட்டமா சுத்தினா செல் எல்லாம் நடுவுல குமிஞ்சிடும், முன்னும் பின்னும் ஒரு தடவை, இடமும் வலமும் ஒரு தடவை மெதுவா ஆட்டணும், கூட்டல் குறி போடற மாதிரி. அப்புறம் ஆட்டாம எடுத்துட்டுப் போய் இன்குபேட்டர்ல வைக்கணும், இன்குபேட்டர் தட்டு சமமா இருக்கான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க, சரிஞ்சிருந்தா ஒரு பக்கமே செல் சேரும், எத்தனையோ லேப்ல இதை யாருமே பாக்கறதில்ல. 96 வெல் (குழி) ப்ளேட்டா இருந்தா உடனே உள்ள வைக்காம கொஞ்ச நேரம் ஹூட்லயே அசையாம விட்டு செல் படிஞ்சதும் வைங்க, ஓரத்து வெல்லுங்கள்ல செல் ஒரு பக்கமா ஒதுங்கறது நல்லாவே குறையும்.

எண்ணிப்பாரு பதில்:

இவ்வளவு விவாதமே தேவையில்லங்கறது என் கருத்து. கன்ஃப்ளுவன்ஸ்ங்கறது கண் மதிப்பு. செல் எண்ணற கட்டம் போட்ட கண்ணாடி, நியூபாவர் சேம்பர், எதுக்கு இருக்கு? ட்ரிப்பான் ப்ளூ (செத்த செல்லை நீலமாக்கற சாயம்) போட்டு நாலு மூலை கட்டத்துல எண்ணி சராசரி எடுத்து டைல்யூஷனால பெருக்கி பத்தாயிரத்தால பெருக்கினா ஒரு மில்லிக்கு எத்தனை செல்னு வந்துடுது. ஒவ்வொரு பாசேஜ்லயும் ஒரே எண்ணிக்கை போடு, ஒரே இடைவெளில பிரி, முடிஞ்சுது. பர்சன்டேஜ் பத்தி பேசவே வேண்டாம். ஜர்கட், கே562 மாதிரி மிதந்து வளர்ற செல்லுக்கெல்லாம் கன்ஃப்ளுவன்ஸ்ங்கற பேச்சே கிடையாது, ஒரு மில்லிக்கு எத்தனைங்கறதை மட்டும் வச்சுதான் எல்லாரும் ஓட்டறாங்க, ஒட்டி வளர்ற செல்லுக்கு மட்டும் ஏன் கண்ணை நம்பணும்?

பழைய_ட்ரிப்சின் பதில்:

எண்ணறது அவசியம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எண்ணறதுக்கு செல்லை உரிச்சு எடுத்தாகணுமே. நாளைக்கு ட்ரான்ஸ்ஃபெக்ஷன் (செல்லுக்குள்ள டிஎன்ஏவோ ஆர்என்ஏவோ ஏத்தறது) பண்ணப்போற ப்ளேட்டை இன்னைக்கு உரிச்சு எண்ண முடியாது, அதை உரிக்காமலே பாக்கறதுக்குத்தான் கண் மதிப்பு. ப்ளாஸ்மிட் போடற லிப்பிட் ரீஏஜென்ட்டுங்க பெரும்பாலும் 70ல இருந்து 90 கேக்கும், ஒரு ஜீனை அடக்கற எஸ்ஐஆர்என்ஏவுக்கு 30ல இருந்து 50 போதும்பாங்க ஏன்னா ரெண்டு மூணு நாள் விட்டுத்தான் புரதம் குறைஞ்சதைப் பாக்கணும் அதுக்குள்ள ப்ளேட் நிரம்பிடக்கூடாது. இந்த முடிவை எல்லாம் கண்ணுதான் எடுக்கணும்.

ரெண்டையும் சேத்துக்கறதுதான் வழி. புதுசெல், உனக்கு நான் சொல்ற ஒரே வீட்டுப்பாடம் இதுதான். ஒவ்வொரு தடவை ட்ரிப்சின் போடறதுக்கு முன்னாடியும் ஒரே அப்ஜெக்டிவ்ல போட்டோ எடு, உன் கண் மதிப்பை எழுது, அப்புறம் எண்ணினதை சதுர சென்டிமீட்டருக்கு எத்தனைன்னு மாத்தி பக்கத்துல எழுது. கொஞ்ச நாள்லயே உன் லேப் ஹீலாவுக்கு 80ங்கறது எத்தனை செல்லுங்கறது உனக்கே தெரிஞ்சிடும். அந்த போட்டோக்களை மைக்ரோஸ்கோப் பக்கத்துல ஒட்டி வச்சா அக்காவும் அண்ணாவும் ஒரே நம்பர் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் ஹெப் ஜி2, நீ பாக்கறது அதோட சுபாவம், கெட்டுப் போகல. அது தீவு தீவாத்தான் வளரும், ஒரே சீரான படலமா நீ எதிர்பாத்தா வராது. அதுல பரப்பை விட தீவோட நடுவைப் பாரு, நடு கறுத்து மேல மேல ஏற ஆரம்பிச்சா வெளியில இடம் எவ்வளவு காலியா இருந்தாலும் பிரிச்சிடு. கட்டியா விட்டா திரும்பக் கட்டியாவேதான் வளரும், அதனால ட்ரிப்சினுக்கு அப்புறம் பைபெட்ல பொறுமையா ஏத்தி இறக்கி ஒத்தை செல்லா பிரிக்கறது இந்த லைனுக்கு ரொம்ப முக்கியம்.

புதுசெல்:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி கோவை அண்ணா, தட்டு சரிஞ்சிருக்கான்னு இன்னைக்கே ஸ்பிரிட் லெவல் வச்சுப் பாக்கறேன். இன்னொரு சந்தேகம், இதுக்கும் எம்டிடிக்கும் (உயிரோட இருக்கற செல்லை நிறத்தை வச்சு அளக்கற டெஸ்ட்) சம்பந்தம் இருக்கா? ஹீலால ஒரே மருந்து, ஒரே டோஸ் வரிசை, ஆனா எங்க லேப்ல ஒரு பேட்ச்ல ஐசி50 (ரீடிங்கைப் பாதியாக்கற மருந்து அளவு) ஒரு மாதிரி வருது, இன்னொரு பேட்ச்ல ரெண்டு மடங்கு ஜாஸ்தியா வருது. ஒரு பேட்ச் வெல்லுக்கு 5 ஆயிரம் செல், இன்னொண்ணு 10 ஆயிரம். மருந்து 48 மணி நேரம். இதனால இருக்குமா?

ஃபார்மசான் பதில்:

இதனாலயேதான் இருக்கும், நானா இருந்தா வேற எதையும் தேடறதுக்கு முன்னாடி இதைத்தான் பாப்பேன். கணக்கு போட்டுப் பாருங்க. 96 வெல்ல ஒரு வெல்லோட பரப்பு 0.32 சதுர சென்டிமீட்டர் சொச்சம், அதுல ஹீலா நிரம்பினா சுமார் 40 ஆயிரம் செல். ஹீலா ரெட்டிப்பாக சுமார் ஒரு நாள் ஆகும். 10 ஆயிரம் போட்டா அடுத்த நாள் மருந்து வைக்கும்போது 20, அதுக்கு அடுத்த நாள் 40, கன்ட்ரோல் வெல் அங்கயே நிரம்பிடுச்சு. இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு. அந்த ஒரு நாள்ல கன்ட்ரோல் திணறிக்கிட்டு மெதுவாகும், மருந்து பட்ட வெல்லுல இடம் இருக்கறதால அது பாட்டுக்கு வளர்ந்து கிட்ட வந்துடும். நீங்க பாக்கறது மருந்து பட்டதை கன்ட்ரோலால வகுத்த விகிதம்தானே, கன்ட்ரோல் நின்னுட்டா விகிதம் ஏறும், மருந்து வேலை செய்யாத மாதிரி தெரியும், ஐசி50 மேல போகும். 5 ஆயிரம் போட்டா கன்ட்ரோல் கடைசி நாள்லதான் நிரம்பற இடத்துக்கு வரும், ஒட்டறதுக்கு எடுத்துக்கற நேரத்தையும் சேத்தா அதுக்குக் கொஞ்சம் கீழதான் நிக்கும், அதனால அந்த பேட்ச்சை நான் கூடுதலா நம்புவேன்.

இதோட சேத்து, அடர்த்தியா இருக்கற செல்லுங்க பிரியறது கம்மி, நீங்க குடுக்கறது பிரியற செல்லைத் தாக்கற மருந்தா இருந்தா அதுக்கு இலக்கே கம்மி. செல் ஜாஸ்தின்னா ஒவ்வொரு செல்லுக்கும் போய்ச் சேர்ற மருந்தும் கம்மி. எல்லாமே ஒரே பக்கம் இழுக்கும். தயவு செஞ்சு மருந்து வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ப்ளேட்டை மருந்தே இல்லாம ஆயிரத்துல இருந்து இருபதாயிரம் வரைக்கும் வேற வேற எண்ணிக்கை போட்டு மூணு நாள் எம்டிடி பாருங்க, எந்த எண்ணிக்கைல கடைசி நாள் வரைக்கும் ரீடிங் நேர்கோட்டுல ஏறுதோ அதுதான் உங்க சீடிங். இதைப் பண்ணாம எடுத்த ஐசி50 டேபிளை தீசிஸ்ல போடாதீங்க, இவ்வளவு உழைச்சு எடுத்த டேட்டா வைவால ஒரு கேள்விக்கு நிக்காது. அப்புறம் ஸ்டாக் ஃப்ளாஸ்க் எந்த நிலையில இருந்து எடுத்தீங்கங்கறதும் முக்கியம், ரெண்டு நாளா நிரம்பிக் கிடந்த ஃப்ளாஸ்க்ல இருந்து போட்ட ப்ளேட்டும் 75ல இருந்து போட்டதும் முதல் நாள் ஒண்ணு போல நடந்துக்காது.

எலித்தசை பதில்:

எல்லாரும் கேன்சர் லைனை வச்சே பேசறீங்க, எங்க பக்கத்தையும் சொல்றேன். நான் சி2சி12 வளர்க்கறேன், எலித் தசை மயோபிளாஸ்ட். இதுல 80 வரைக்கும் விடறதே ஆபத்து, நான் 60லயே பிரிச்சிடுவேன், எந்தக் காரணத்துக்காகவும் 70 தாண்ட விடமாட்டேன். நெருக்கமானா இது ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு மயோட்யூப் (தசை இழை) ஆக ஆரம்பிச்சிடும், இணைஞ்சது அதுக்கப்புறம் பெருகாது. அப்படி ஒரு தடவை விட்டா நல்லா இணையத் தெரிஞ்ச செல்லெல்லாம் போயிடும், இணையத் தெரியாதது மட்டும் மிச்சமாகி அடுத்த ஃப்ளாஸ்க்கை நிரப்பும். பாக்க அதே செல் மாதிரிதான் இருக்கும், ஆனா தசையா மாத்தணும்னு சீரம் குறைச்சா மாறவே மாறாது.

இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சனைன்னு நினைக்காதீங்க. 3டி3ங்கற பேரே இதுல இருந்து வந்ததுதான். 1960கள் தொடக்கத்துல நியூயார்க்ல டொடாரோவும் ஹோவர்ட் க்ரீனும் எலிக் கரு செல்லை 3 நாளுக்கு ஒரு தடவை டிஷ்ஷுக்கு 3 லட்சம் வீதம் மாத்திக்கிட்டே வந்தாங்க, அதுதான் 3டி3. எப்பவும் இடம் விட்டு வளர்த்ததால அந்த லைன் நெருக்கமானா நிக்கற குணத்தோடயே இருந்துச்சு. அதே ஆளுங்க 3 நாளுக்கு 12 லட்சம் வீதம் நெருக்கமாவே வச்சு வளர்த்த லைன் 3டி12, அது நிக்கவே நிக்காது, அடுக்கடுக்கா ஏறும். ஒரே மாதிரி செல், போட்ட அடர்த்தி மட்டும்தான் வேற. அதனாலதான் இப்பவும் 3டி3ய நிரம்ப விட்டு விட்டு பாசேஜ் பண்ணாதீங்கன்னு எல்லாரும் கதறுறாங்க, நிரம்பின ஃப்ளாஸ்க்ல எது நிக்காம ஏறுதோ அதைத்தான் நீங்க தேர்ந்தெடுத்து அடுத்த தலைமுறைக்கு அனுப்பறீங்க. ஹீலாவுல இது தெரியாது, ஆனா நீங்க நாளைக்கு வேற லேபுக்குப் போய் வேற செல் வளர்க்கும்போது 80ங்கற பழக்கத்தை அப்படியே கொண்டு போயிடாதீங்கன்னுதான் இதைச் சொல்றேன்.

நிரம்பியே ஆகணுங்கற வேலையும் இருக்கு. 3டி3-எல்1ஐ கொழுப்பு செல்லா மாத்தறவங்க நிரம்பவிட்டு அதுக்கு மேல ரெண்டு நாள் காத்திருந்துதான் இன்சுலின் கலவையைக் குடுப்பாங்க. கேகோ-2 குடல் செல் நிரம்பின பிறகு மூணு வாரம் விட்டாதான் குடல் சுவர் மாதிரி நடந்துக்கும். வீரோ செல்லுல வைரஸ் ப்ளாக் (வைரஸ் செல்லைக் கொன்ன இடத்துல விழற ஓட்டை) எண்ணறவங்களுக்குப் படலம் முழுசா இருக்கணும், ஏற்கனவே ஓட்டை இருந்தா அதையும் வைரஸ் போட்ட ஓட்டைன்னு எண்ணிடுவோம். எனக்கு ரொம்பப் பிடிச்சது அதே ஹோவர்ட் க்ரீன் பின்னால செஞ்ச வேலை, மனுஷத் தோல் செல்லை நிரம்ப வளர்த்து, டிஸ்பேஸ்ங்கற என்ஸைம் போட்டு, ஒத்தை ஒத்தையா இல்லாம முழுத் தாளா உரிச்சு எடுத்தார். 1983ல அமெரிக்காவுல உடம்புல பெரும்பகுதி வெந்து போன ரெண்டு சின்னப் பசங்களுக்கு அப்படி வளர்த்த தோலை வச்சுத்தான் மூடினாங்க, ரெண்டு பேரும் பிழைச்சாங்க. நம்ம ஊர்ல இதைப் பாடமா நடத்தும்போது இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே பசங்க கன்ஃப்ளுவன்ஸை மறக்கமாட்டாங்க.

பிக்சல்_கண் பதில்:

லேப்ல கேமரா இருந்தா ஃபிஜிங்கற படம் அலசற சாஃப்ட்வேர் இலவசம்தான், இறக்கிக்கோங்க. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் படத்தை நேரா த்ரெஷோல்டு போட்டா (வெளிச்ச அளவை வச்சு செல்லையும் பின்னணியையும் பிரிச்சா) வேலைக்கு ஆகாது, செல்லோட உள் பகுதியும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறத்துல இருக்கும், சுத்தி இருக்கற வெள்ளை ஒளிவட்டம் மட்டும் பிடிபடும். முதல்ல வேரியன்ஸ் ஃபில்டர் இல்லன்னா ஃபைண்ட் எட்ஜஸ் போடுங்க, செல் இருக்கற இடம் கரடுமுரடா இருக்கும் காலி இடம் வழவழன்னு இருக்கும், அந்த வித்தியாசத்தை வச்சு த்ரெஷோல்டு போட்டு ஓட்டையை நிரப்பி ஏரியா ஃப்ராக்ஷன் எடுங்க. ஒரு தடவை மேக்ரோவா எழுதி வச்சுட்டா எல்லா படத்துக்கும் அதே அளவுகோல். நிரம்பி ஏறிக் கிடக்கற செல்லுல மட்டும் இதுவும் 100க்கு மேல எதையும் சொல்லாது, அங்க எண்ணித்தான் ஆகணும்.

புதுசெல்:

எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கிட்டேன், சீடிங் ப்ளேட் நாளைக்கே போடறேன். கடைசியா ஒண்ணு மட்டும், ஞாயிறு எங்க லேப் பூட்டிடுவாங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஹீலா 60ல இருந்தா என்ன பண்றது? திங்கக்கிழமை வந்தா மஞ்சளாத்தான் இருக்கும்.

பழைய_ட்ரிப்சின் பதில்:

சனிக்கிழமையே பிரிச்சிடும்மா. 60ல இருக்கறது ஒரு நாள்லயே நிரம்பிடும், திங்கக்கிழமை காலைல வரைக்கும் தாங்காது. 1:3 பிரிச்சா, அதாவது மூணுல ஒரு பங்கைப் புது ஃப்ளாஸ்க்ல போட்டா, 20ல ஆரம்பிக்கும், ஒட்டறதுக்கு எடுத்துக்கற நேரம் போக திங்கக்கிழமை காலைல 60, 70ல இருக்கும், உனக்கு வேலைக்கு சரியா வரும். திங்கக்கிழமை செல் தேவையே இல்லன்னா 1:8 போட்டுட்டுப் போ, புதன்கிழமை வரைக்கும் கவலை இல்ல. ஹெப் ஜி2 மெதுவா வளர்றது, அதை அவ்வளவு மெலிசா போடாத, 1:3 போதும், மீடியாவை மட்டும் சனிக்கிழமை மாத்திட்டுப் போ.